பேர் எமிஸில் இருக்கிறது, பிள்ளை எங்கே?

2023 மார்ச் 13. பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாள், தமிழ்த் தேர்வு. மாநிலம் முழுக்க 50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் தேர்வெழுத வரவில்லை என்று செய்தி வந்தது. மறுநாள் பேப்பரில் அதுதான், டிவியில் அதுதான். தமிழ்நாட்டில் தமிழ்த் தேர்வுக்கே வரவில்லையா, எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கொரோனாவில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதாமலே தேறிய செட் இது, பேர் மட்டும் பதிவேட்டில் ஓடிக்கொண்டிருந்தது என்று ஒரு விளக்கமும் சொல்லப்பட்டது. ஒரு வாரம் பேசிவிட்டு விட்டுவிட்டார்கள்.

எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியும். எல்லாரையும் தெரியாது, ஒருவனைத் தெரியும். என் தம்பி. அன்று காலையில் அவன் வயநாட்டில் ஒரு எஸ்டேட்டில் மிளகுக் கொடிக்கு ஏணி சாத்திக்கொண்டிருந்தான். இங்கே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் அவன் பதிவெண் ஒட்டிய பெஞ்சு காலியாகக் கிடந்தது. அவனுக்கு ஹால் டிக்கெட் வந்திருந்தது. அதில் ஒட்டியிருந்த போட்டோ ஒன்பதாம் வகுப்பில் எடுத்தது. அதற்குப் பிறகு அவனைப் படம் பிடிக்க எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அவன் கிடைக்கவில்லை.

"ஏன் வரவில்லை?" என்று கேட்டவர்களிடம் நான் திருப்பிக் கேட்கிறேன். வரச் சொன்னது யார்? போகச் சொன்னது யார்? எப்போது போகச் சொன்னீர்கள், எப்போது வரச் சொன்னீர்கள், நடுவில் என்ன ஆனது என்று ஒரு நாளாவது கணக்குப் பார்த்தீர்களா?

நாங்கள் கல்வராயன் மலைக்காரர்கள். மலையாளிப் பழங்குடிகள். 1976 வரைக்கும் எங்கள் மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் வாங்கி 29 வருஷம் கழித்துத்தான் சர்க்கார் மலையேறி வந்தது. எங்கள் தாத்தா பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. அப்பா மூன்றாவதோடு நின்றார். நான் பிளஸ் டூ முடித்தேன். தம்பி காலேஜ் போவான் என்றுதான் வீட்டில் பேச்சு. இப்படி ஒரு படி, ஒரு படியாக ஏறி வந்த குடும்பம் நாங்கள். படிப்பு எங்களுக்குப் பரம்பரைச் சொத்து இல்லை. ஒரு தலைமுறையில் வந்தது, ஒரு வருஷம் விட்டால் போய்விடும். இது எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாமல் போனது.

டவுனில் இருப்பவர்களுக்குப் பள்ளிக்கூடம் என்றால் காலையில் போய் சாயங்காலம் வரும் இடம். எங்களுக்கு அது உண்டு உறைவிடப் பள்ளி. மூன்று வேளைச் சோறு, படுக்க ஒரு ஹால், வைத்துக்கொள்ள ஒரு தகரப் பெட்டி. பிள்ளை ஹாஸ்டலில் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் அப்பா அம்மா வேலைக்கு மலையிறங்குவார்கள். மரவள்ளி பிடுங்கி முடிந்து, சாமை அறுத்து முடிந்தால் மலையில் வேலை கிடையாது. கரும்பு வெட்டப் போக வேண்டும், இல்லையென்றால் கேரளாவுக்கு மிளகு பறிக்க, கர்நாடகத்துக்குக் காபிப் பழம் பறிக்கப் போக வேண்டும். ஹாஸ்டல் மணி அடித்துக்கொண்டிருக்கும்வரை பிள்ளை உள்ளே, பெற்றோர் வெளியே. பெண் பிள்ளைக்கு அந்த காம்பவுண்டுச் சுவர்தான் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட சுவர். "படிக்கிறாள்" என்று சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போவார்கள். "சும்மா இருக்கிறாள்" என்றால் வெற்றிலை பாக்கோடு வந்துவிடுவார்கள்.

இந்தப் பள்ளிக்கூடத்தைத்தான் 2020 மார்ச்சில் மூடினீர்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26. புது மாவட்டம், புது கலெக்டர் ஆபீஸ், இனி விழுப்புரம் போய் அலைய வேண்டாம் என்று நாங்கள் சந்தோஷப்பட்டு நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னார்கள். பிள்ளைகள் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். தம்பி அப்போது ஒன்பதாவது. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாருக்கும் ஆல் பாஸ் என்று மார்ச் 25ஆம் தேதி அறிவித்தார்கள். தேர்வு இல்லாமல் பாஸ் என்று அவன் குதித்தான். நாங்களும் சிரித்தோம். இரண்டு மாதத்தில் பத்தாவது திறந்துவிடும் என்று நினைத்தோம். பெட்டியைப் பரணில்கூட ஏற்றவில்லை, திண்ணையிலேயே வைத்திருந்தோம்.

பிறகு ஆன்லைன் கிளாஸ் என்றார்கள். எங்கள் ஊரில் டவர் எடுக்கும் இடம் ஒன்றே ஒன்று, ஊருக்கு மேலே ஒரு பாறை. அந்தப் பாறையில் ஏறி, கிழக்கே பார்த்து நின்றால் இரண்டு புள்ளி வரும். மேகம் இறங்கினால் அதுவும் போகும். வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடது. அப்பா வேலைக்குப் போனால் போனும் போகும். வாட்ஸ்அப்பில் சார் அனுப்பிய கணக்கு வீடியோ மூன்று நாள் சுற்றிக்கொண்டே இருந்தது, இறங்கவே இல்லை. கல்வித் தொலைக்காட்சி பாருங்கள் என்றார்கள். எங்கள் வீட்டுக் கூரையில் இருந்தது டிஷ் தட்டு. அதில் படம் வந்தது, பாட்டு வந்தது, பாடம் வரவில்லை. வாத்தியார்களில் சிலர் பைக்கை எடுத்துக்கொண்டு மலையேறி வந்து மரத்தடியில் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், கும்பிடுவேன். ஆனால் பெட்ரோலும் அவர்கள் காசு, மனசும் அவர்கள் மனசு. அதில் உங்கள் உத்தரவு எங்கே இருந்தது?

ஹாஸ்டல் மூடியதும் எங்கள் வீட்டில் ஒரு வயிறு கூடியது, ஒரு கை கூடியது. பள்ளியில் கொடுத்த அரிசி பருப்பு வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பையன் மாதம் முழுக்க மூன்று வேளை உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தை அது ஈடு செய்யவில்லை. லாக்டவுனில் அப்பா வாங்கிய கைமாற்று கழுத்தை நெரித்தது. பஸ் ஓட ஆரம்பித்ததும் மேஸ்திரி வந்தார். "பையன் சும்மாதானே இருக்கான், கூட்டிக்கிட்டு வாங்க, ரெண்டு சம்பளம் ஆச்சு" என்றார். அந்த "சும்மாதானே"வை என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. அவன் சும்மா இருக்கவில்லை ஐயா, அவனை நீங்கள் சும்மா உட்கார வைத்தீர்கள்.

என்னோடு படித்தவளின் தங்கை ஒருத்தி. எட்டாவது முடித்து ஒன்பதாவது போக வேண்டியவள். அந்த ஆவணியில் கல்யாணம். பத்திரிகை அடிக்கவில்லை, மைக் செட் கட்டவில்லை. கூட்டம் கூடக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் கேள்வி கேட்கவும் ஆளில்லை. பள்ளிக்கூடம் நடந்திருந்தால் ஒரு டீச்சராவது "அவள் எங்கே?" என்று கேட்டிருப்பார்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன்.

2020 செப்டம்பர் 14 முதல் 16 வரை தமிழ்நாடு சட்டமன்றம் கூடியது. கோட்டையில் இடைவெளி விட்டு உட்கார இடம் போதாது என்று கலைவாணர் அரங்கத்துக்கு மாற்றினார்கள். தப்பில்லை. உயிர் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் இடம் போதாதென்றால் பெரிய இடம் பார்த்து வேலையை நடத்தலாம் என்ற யோசனை, எங்கள் பிள்ளைகள் விஷயத்தில் ஏன் யாருக்கும் வரவில்லை? எங்கள் மலையில் இடத்துக்கா பஞ்சம்? மரத்தடி இல்லையா, மைதானம் இல்லையா, காற்று இல்லையா? அதே கூட்டத்தில்தான் செப்டம்பர் 15ஆம் தேதி, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கான சட்ட முன்வடிவு நிறைவேறியது. நல்ல சட்டம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்தச் சீட்டில் உட்கார மலையிலிருந்து ஒருவன் வர வேண்டுமானால் முதலில் அவன் பத்தாம் வகுப்பு பெஞ்சில் உட்கார வேண்டும். அந்த அரசுப் பள்ளி அன்றைக்குப் பூட்டிக் கிடந்தது.

பள்ளிகளை எப்போது, எந்த வரிசையில், யாருக்கு முதலில் திறப்பது என்று ஒரு சட்ட முன்வடிவு அந்த அவைக்கு வந்ததா? அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. மூடியதும் உத்தரவு, திறந்ததும் உத்தரவு, நடுவில் தள்ளிப் போட்டதும் உத்தரவு. 2005ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஒன்று போதும் என்றிருந்தார்கள். வெள்ளம் வந்தால், புயல் அடித்தால் நாலு நாள் மூட வைத்திருந்த அதிகாரத்தில் இரண்டு கல்வியாண்டை மூடினார்கள்.

நம் நாட்டில் இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2009ஆம் வருஷத்து இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வருஷத்துக்கு 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரைக்கும் 220 வேலை நாள் பள்ளி நடக்க வேண்டும் என்று அதன் அட்டவணையில் எழுதியிருக்கிறது. 2020–21 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரைக்கும் பள்ளி நடந்த நாள் எத்தனை? பூஜ்யம். ஒரு நாள்கூட இல்லை. பாராளுமன்றம் போட்ட சட்டத்தை ஓர் உத்தரவு படுக்க வைத்தது. 200 நாள் எங்கே என்று அவையில் எழுந்து கேட்டு, பதில் வாங்காமல் உட்கார மாட்டேன் என்று நின்றவர் ஒருவர் பேர் சொல்லுங்கள் பார்ப்போம்.

மற்ற ஊர்க் கதையைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். டென்மார்க் 2020 ஏப்ரல் நடுவிலேயே சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் பள்ளியைத் திறந்தது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில், பெற்றோர் கேட்டால் நேரடி வகுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்று 2021 ஜனவரியில் சட்டமே போட்டார்கள். வட கரோலினாவில் சட்டமன்றம் பள்ளி திறக்க மசோதா கொண்டுவந்தது. பாதுகாப்பு போதாது என்று கவர்னர் அதை நிராகரித்தார். சண்டை போட்டார்கள், ஓட்டெடுத்தார்கள், கடைசியில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி மார்ச் மாதத்தில் வேறொரு சட்டத்துக்கு வந்தார்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் பிள்ளைகளின் படிப்பு ஒரு மன்றத்தில் வாய்விட்டு வாதாட வேண்டிய விஷயம் என்று அங்கே நினைத்தார்கள். யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பேர் பேராகப் பதிவாகியிருக்கிறது. இங்கே யாரைப் பிடித்துக் கேட்பது?

கேட்டால், "பெற்றோரிடம் கருத்துக் கேட்டோமே" என்பார்கள். கேட்டீர்கள். 2020 நவம்பர் 9ஆம் தேதி பள்ளிகளில் கருத்துக் கேட்புக் கூட்டம். 16ஆம் தேதி ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரைக்கும் திறப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். 10ஆம் தேதி சினிமாத் தியேட்டர் திறந்தது. 12ஆம் தேதி பள்ளி திறப்பு தள்ளிவைப்பு. மறுபடி ஜனவரியில் ஒரு கருத்துக் கேட்பு.

எங்கள் அப்பாவிடம் கருத்துக் கேட்டது யார்? அவர் அப்போது வேலைக்குப் போன இடத்தில். கூட்டம் என்று ஊருக்குத் தகவல் வந்ததே கூட்டம் முடிந்த பிறகு. பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு நடக்கும் வீட்டாரையும், பிள்ளை கூலிக்குப் போகும் வீட்டாரையும் ஒரே பாரத்தில் டிக் அடிக்கச் சொன்னால் அதற்குப் பேர் கருத்துக் கேட்பா? முதல் வீட்டார் "இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்" என்று சொன்னால் அவர்கள் பிள்ளைக்குப் போவது கொஞ்சம். எங்கள் பிள்ளைக்குப் போவது எல்லாம். பொறுக்கிற சக்தி உள்ளவர்கள் சொன்ன நாளுக்காக, பொறுக்க முடியாதவர்கள் காத்துக் கிடந்தோம்.

பயம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 2021 மே மாதம் எங்கள் ஊருக்கும் நோய் வந்தது. மாநிலத்தில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று என்று சொன்ன நாட்கள் அவை. ஆக்சிஜன் பெட்டுக்காகக் கள்ளக்குறிச்சிக்கு ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்கிய ராத்திரியை நானும் பார்த்தேன். அந்த மே மாதத்தில் பள்ளியைத் திறந்திருக்க வேண்டும் என்று பைத்தியக்காரிகூடச் சொல்ல மாட்டாள். வாத்தியார்களும் செத்தார்கள், அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் அழுதார்கள். நான் கேட்பது அதற்கு முன்னால் சும்மா கழிந்த மாதங்களை. அதற்குப் பின்னால் சும்மா கழிந்த மாதங்களை. 2020 முழுக்க எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லை. சென்னைக்கு ஒரு நிலைமை, மலைக்கு ஒரு நிலைமை. நோய்க்கு மட்டும் ஊர் ஊராக, தெரு தெருவாகக் கட்டுப்பாட்டுப் பகுதி பிரிக்கத் தெரிந்தது, தகரம் வைத்து அடைக்கத் தெரிந்தது. பள்ளிக்கு மட்டும் சென்னை தியாகராய நகருக்கும் எங்கள் மலையில் இருக்கும் வெள்ளிமலைக்கும் ஒரே பூட்டு.

2021 ஜனவரி 19ஆம் தேதி பத்தாவதுக்கும் பிளஸ் டூவுக்கும் பள்ளி திறந்தது. வகுப்புக்கு 25 பேர், வைட்டமின் மாத்திரை, ஜிங்க் மாத்திரை. அது மிளகுப் பறிப்பு நடக்கும் மாதம். தம்பி எஸ்டேட்டில். வார்டன் சார் போன் போட்டார், அப்பா போன் சுவிட்ச் ஆஃப். நான் மேஸ்திரியைப் பிடித்துத் தகவல் சொன்னேன். "முன்பணம் கழியட்டும், அனுப்பிவிடுகிறேன்" என்றார். கழிந்தபாடில்லை. பிப்ரவரி 25ஆம் தேதி, ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகள் எல்லாருக்கும் ஆல் பாஸ் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. மறுநாள் 26ஆம் தேதி தேர்தல் தேதி வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்லப் போவதில்லை. காலண்டரைப் பாருங்கள்.

மார்ச் 22ஆம் தேதி ஒன்பது முதல் பதினொன்று வரை மறுபடி மூடினார்கள். ஏப்ரல் 6ஆம் தேதி அதே கட்டடங்களின் பூட்டைத் திறந்தார்கள், ஓட்டுப்போட. வாசலில் வட்டம் போட்டு, கைக்கு உறை கொடுத்து, நெற்றியில் காய்ச்சல் பார்த்து எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். ஏற்பாடு அவ்வளவு நேர்த்தி! ஊரில் ஒருவர் விடாமல் போய் ஓட்டுப் போட்டோம். தம்பி உட்கார்ந்திருக்க வேண்டிய வகுப்பறையில்தான் என் விரலில் மை வைத்தார்கள். ஒரு நாள் ஓட்டுக்கு இத்தனை ஏற்பாடு செய்யத் தெரிந்தவர்களுக்கு, பிள்ளைகளின் பாடத்துக்குச் செய்யத் தெரியவில்லை என்று சொன்னால் நான் நம்ப வேண்டுமா?

தம்பி வீட்டுக்கு வந்தபோது அவன் பத்தாவது பாஸ். ஒரு நாள்கூடப் பத்தாம் வகுப்பில் உட்காராமல் பத்தாவது பாஸ். சர்டிபிகேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தான். "அக்கா, இதுல எனக்கு எதுவும் தெரியாதே" என்றான். அவனுக்கு இருந்த நேர்மை அந்த அறிவிப்புக்கு இல்லை. பதினொன்றாம் வகுப்பில் அவன் பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். கல்வித் துறையின் மாணவர் பதிவேடான எமிஸில் எண் இருக்கிறது, அட்மிஷன் எண் இருக்கிறது. செப்டம்பர் 1ஆம் தேதி பள்ளி திறந்ததும் இரண்டு வாரம் போனான். பத்தாவது அல்ஜீப்ரா தெரியாதவன் பதினொன்றாவது கணக்கில் உட்கார்ந்தான். சார் கேட்ட கேள்விக்கெல்லாம் தலை குனிந்தான். கூலியில் அவனுக்கு மரியாதை இருந்தது, வகுப்பில் வெட்கம்தான் இருந்தது. தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு மலையிறங்கியவன் நேரே பஸ் ஏறிவிட்டான். இடைநின்றவன் கணக்கில் அவன் வரவில்லை. பேர்தான் பதிவேட்டில் இருக்கிறதே! பேர் மட்டும் பதினொன்று, பன்னிரண்டு என்று படித்து ஹால் டிக்கெட்டும் வாங்கியது.

சின்னப் பிள்ளைகளுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. 2021 ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா, தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பதே நல்லது, சின்னக் குழந்தைகள் இந்தத் தொற்றைப் பெரியவர்களைவிட நன்றாகத் தாங்குகிறார்கள் என்றார். இங்கே தலைகீழ். பெரிய வகுப்புக்கு செப்டம்பர் 1, சின்ன வகுப்புக்கு நவம்பர் 1. எழுத்தே பழகாத பிள்ளைகளைக் கடைசியில் நிறுத்தினார்கள். 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் வரைக்கும் இந்தியாவில் பள்ளிகள் முழுதாகவோ பாதியாகவோ மூடிக் கிடந்தது 82 வாரம் என்று யுனெஸ்கோ கணக்குப் போட்டது. உலகத்திலேயே நீண்ட மூடல்களில் ஒன்று. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஏழைக் குடும்பப் பிள்ளைகளிடம் ஜான் திரேஸ், ரீத்திகா கேரா முதலானவர்கள் நடத்திய ஆய்வில், கிராமத்துப் பிள்ளைகளில் ஆன்லைனில் ஒழுங்காகப் படித்தவர்கள் 8 சதவீதம். எதையுமே படிக்காமல் இருந்தவர்கள் 37 சதவீதம்.

எனக்கு அந்த சதவீதத்தின் முகம் தெரியும். அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து சாயங்காலம் கோயில் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்தேன். நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. பள்ளி மூடும்போது இரண்டாவது. "உன் பேரை எழுது" என்றேன். எழுதினாள். எழுதவில்லை, வரைந்தாள். முதலில் கொம்பைப் போட்டாள், அப்புறம் காலைப் போட்டாள், நடுவில் விட்ட இடத்தில் எழுத்தைக் கீழிருந்து மேலாகச் சுழித்தாள். கோலம் போடுகிற கை. ஆதார் அட்டையைப் பார்த்து அம்மா வரைந்து காட்டியதாம். "இதில் எது 'வ'?" என்று கேட்டேன். சிலேட்டையே உற்றுப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, எல்லா எழுத்தின் மேலும் வரிசையாக விரல் வைத்துக்கொண்டே போனாள், நான் எங்கே தலையாட்டுவேன் என்று பார்த்துக்கொண்டு. ஒன்பது வயசுப் பிள்ளை! அவளும் ஆல் பாஸ்தான். மூன்றாவது பாஸ்.

பெரிய பையன்கள் கதை வேறு. டாஸ்மாக் மூடிய மாதங்களில் மலையில் சாராய ஊறல் பெருகியது. வேலை வெட்டி இல்லாமல் நின்ற பையன்களுக்கு வெல்ல மூட்டை சுமக்க, லாரி டியூப் சுமக்கக் கூலி கிடைத்தது. பள்ளிக்கூடப் பை தூக்கிய தோள்தான் அது. பிறகு டாஸ்மாக் திறக்க என்ன அவசரம் காட்டினார்கள் என்று ஊருக்கே தெரியும். 2020 மே 7ஆம் தேதி கடை திறந்தது. மறுநாள் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த் தடை வாங்கி மே 16ஆம் தேதி மறுபடி திறந்தார்கள். பத்தே நாள்! எங்கள் உண்டு உறைவிடப் பள்ளியைத் திறக்க யாராவது டெல்லி வரைக்கும் போனார்களா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் எங்கள் மலை ஞாபகம் வந்தது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, கல்வராயன் மலையில் ரோடு இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா, பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று கேட்டது. கேட்ட நீதிபதிகளுக்கு நன்றி. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்க, கீழே சமவெளியில் அத்தனை பிணம் விழ வேண்டியிருந்ததா? நான்கு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில் பூட்டு தொங்கியபோது அது யார் கண்ணிலும் படவில்லையே.

எங்களுக்கு இரக்கம் வேண்டாம். பரிதாபப் போட்டோ வேண்டாம். வேண்டியது மூன்று.

ஒன்று. ஆல் பாஸ் செட்டில் பேர் மட்டும் ஓடிய பிள்ளைகளைத் தேடுங்கள். தேட முடியாது என்று சொல்லாதீர்கள். ஒவ்வொருவருக்கும் எமிஸ் எண் இருக்கிறது, ஊர் பேர் இருக்கிறது, தகப்பன் பேர் இருக்கிறது. ஹால் டிக்கெட் அடிக்கக் கிடைத்த விவரம் ஆளைக் கண்டுபிடிக்க மட்டும் கிடைக்காதா? வயசு தாண்டிவிட்டது என்று வாசலில் நிறுத்தாமல் ஹாஸ்டலில் இடம் கொடுத்து, விட்ட இடத்திலிருந்து, பத்தாவது பாடத்திலிருந்தே, சொல்லிக்கொடுத்துத் தேர்வெழுத வையுங்கள். படிக்கும் காலத்தில் வீட்டுக்கு ஒரு தொகை கொடுங்கள், மேஸ்திரியின் முன்பணத்தை அறுக்க வேறு வழி கிடையாது.

இரண்டு. உண்டு உறைவிடப் பள்ளியை ஊர்ப் பள்ளியோடு சேர்த்து எண்ணாதீர்கள். உள்ளேயே தங்கிப் படிக்கும் பிள்ளையை வெளியே அனுப்புவதுதான் ஆபத்து, உள்ளே வைத்திருப்பது இல்லை. அதை மூடுவதா வேண்டாமா என்று சென்னையில் இருந்து ஒரே வரியில் எழுதக் கூடாது. அந்த ஒன்றியத்து நோய் நிலவரத்தைப் பார்த்து, கிராம சபையைக் கூட்டி, வேலைக்குப் போன பெற்றோர் போனில் சொன்னதையும் எழுதிக்கொண்டு முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். சட்டம் போடுங்கள். கொரோனா கடைசி நோய் இல்லை. அடுத்தது வரும், அப்போதும் முதலில் பள்ளியைத்தான் பூட்டத் தோன்றும், ஏனென்றால் பிள்ளைகளுக்கு ஓட்டும் இல்லை, சங்கமும் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் பள்ளியை மூட வேண்டுமானால் சட்டமன்றம் கூடி விவாதித்து ஓட்டெடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். கடைசியாக மூடுவதும் முதலில் திறப்பதும் பள்ளிதான் என்று எழுதுங்கள். அதிலும் சின்னப் பிள்ளைகள் முதலில் என்று எழுதுங்கள். மூடிய ஒவ்வொரு நாளுக்கும் ஈடாக ஒரு நாள் பாடம் நடத்திக் கொடுக்கும் கடன் சர்க்காருக்கு உண்டு என்று எழுதுங்கள். ஆல் பாஸ் போட்டு அந்தக் கடனைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் யாருக்கும் இல்லை என்றும் எழுதுங்கள்.

எதிர்ப்பவர்கள் எதிர்க்கட்டும். மூடித்தான் ஆக வேண்டும் என்று நினைப்பவர் அவையில் எழுந்து நின்று காரணம் சொல்லட்டும், அவர் பேர் குறிப்பில் ஏறட்டும். எந்தத் தொகுதி உறுப்பினர் எங்கள் மலைப் பள்ளியைப் பூட்டக் கை தூக்கினார், எவர் திறக்கக் கை தூக்கினார் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். ஓட்டுக் கேட்க மலையேறி வருகிறீர்கள் அல்லவா, அன்றைக்கு அந்தக் குறிப்பை நாங்கள் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவோம்.